பீரோ, பாடநூல், ஒரு மணி நேரம்: அரசுப் பள்ளிக்கு எந்த உதவி உதவுகிறது?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அரசுப் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோகும் வழக்கம் அண்மைக்காலத்தில் பரவியிருக்கிறது. மேளம் முன்னே போக, பெண்கள் தாம்பாளங்களில் பழத்தோடு நோட்டும் பேனாவும் உலக உருண்டையும் ஏந்தி வருவார்கள். பின்னால் குட்டியானையில் பீரோ, மின்விசிறி, நாற்காலி எல்லாம் வரும். தாய்மாமன் சீருக்குள்ள முறைகள் அத்தனையும் இதற்கும் உண்டு. தலைமையாசிரியர் வாசலில் நின்று வரவேற்பார், பொருள்களின் பட்டியல் வாசிக்கப்படும், கொடுத்தவர் பெயர் சொல்லப்படும். வேர் பழையது. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைக்குத் தலைமை ஏற்றிருந்தபோது, 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. அரசிடம் பணம் போதவில்லை, ஊர் கொடுத்தது. நிலம், கூரை, மேசை, மதிய உணவுக்கான பாத்திரம் என்று கொடுக்கக்கூடியதைக் கொடுத்தார்கள்.

இன்று கொடுப்பவர்களின் வரிசையில் நிறுவனங்களும் சேர்ந்துவிட்டன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் சொல்கிறது. 2014 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தபின், அந்தப் பணத்தில் ஒரு பெரிய பங்கு கல்வியின் பக்கம் போயிருக்கிறது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, முன்னாள் மாணவர்களையும் நிறுவனங்களையும் கொடுக்க வாருங்கள் என்று அழைத்தது.

கொடுப்பவர் மனம் கோணாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. இவற்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறதா? கடந்த முப்பது ஆண்டுகளில் பொருளியலாளர்கள் இதை ஊகத்துக்கு விடாமல், பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உதவி கொடுத்து மறுபாதியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடைகள் கொடையாளர்களுக்கு உவப்பானவை அல்ல.

கென்யாவின் மேற்கே புசியா என்ற வசதிகள் குறைந்த மாவட்டம். அங்கே 1990களின் நடுவில் ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்குப் பாடநூல் வாங்கிக் கொடுத்தது. அதுவரை பல பிள்ளைகள் ஒரு நூலைப் பகிர்ந்து படித்த வகுப்புகள் அவை. நூல் வந்தால் தேர்ச்சி உயரும் என்று நம்பாதவர் யாரும் இல்லை. பால் கிளவ், மைக்கேல் கிரெமர், சில்வி முலின் மூவரும் அளந்து பார்த்தபோது சராசரி மதிப்பெண் அசையவே இல்லை. ஏற்கனவே முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறியிருந்தார்கள். காரணம் எளிது. நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. கையில் நூல் இருந்தும் பெரும்பாலோரால் அதைப் படிக்க முடியவில்லை. கிரெமர் பிற்பாடு, 2019இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரோடும் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர்களுடைய ஆய்வுமுறையின் தொடக்கங்களில் புசியாவின் பாடநூல்களும் ஒன்று.

ஆந்திராவில் கிடைத்த விடை இன்னும் நுட்பமானது. 2000களின் நடுவில் மாநில அரசும் உலக வங்கியும் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையும் சேர்ந்து, தேர்ந்தெடுத்த அரசுப் பள்ளிகளுக்கு மாணவர் கணக்குப்படி சிறு மானியம் கொடுத்தன. நோட்டு, பயிற்சிப் புத்தகம், சிலேட்டு என்று ஆசிரியர்கள் தங்கள் விருப்பப்படி வாங்கலாம். முதல் ஆண்டு மதிப்பெண் உயர்ந்தது. இரண்டாம் ஆண்டு அதே மானியம், அதே பள்ளி. பயன் காணாமல் போயிற்று. ஆய்வாளர்கள் வீடுகளுக்குப் போய் விசாரித்தபோது விடை கிடைத்தது. முதல் ஆண்டு மானியம் திடீரென்று வந்தது; பெற்றோர் அதற்குள் வாங்க வேண்டியதை வாங்கியிருந்தார்கள். மறு ஆண்டு பள்ளியில் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததால், தங்கள் கைச்செலவைக் குறைத்துக்கொண்டார்கள். கூலி வேலைக்குப் போகும் தாய் அந்தப் பணத்தில் அரிசி வாங்கியிருந்தால் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? குடும்பத்துக்கு அது நல்ல உதவிதான். ஆண்டறிக்கையில் மட்டும் அது ‘கற்றல் மேம்பாடு’ என்ற தலைப்பின்கீழ் அச்சாகிறது.

பொருள் கொடுப்பதை விட்டு ஆள் கொடுக்கலாம் என்று எண்ணிய நிறுவனங்களில் இந்தியாவில் பெரியது பிரதம். 1990களின் நடுவில் மும்பைக் குடிசைப் பகுதிகளில், மாதவ் சவான் என்ற வேதியியல் அறிஞரும் சமூகப்பணிப் பேராசிரியர் ஃபரிதா லாம்பேயும் யுனிசெஃப், மாநகராட்சி ஆகியவற்றின் துணையோடு தொடங்கியது. தங்கள் வேலையைப் பிறர் அளந்து பார்க்க அது முதலிலிருந்தே கதவு திறந்துவிட்டது. தொண்டு நிறுவனங்களுக்குள் இது அபூர்வமான குணம். தோல்வியும் அச்சில் வரும் என்று தெரிந்தே விட்டார்கள்.

முதல் சோதனை வதோதராவிலும் மும்பையிலும் 2001 முதல் 2003 வரை நடந்தது. அதே பகுதியைச் சேர்ந்த, பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண் ஒருவரை ‘பால்சகி’ என்ற பெயரில் மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரப் பயிற்சி, மிகக் குறைந்த மாதச் சம்பளம். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை அவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே கூட்டிப்போய், முதலிரண்டு வகுப்புகளில் விட்டுப்போன எழுத்தையும் எண்ணையும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் நால்வரும் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பின்தங்கியவர்கள் வெளியே போனதால் வகுப்பறையில் எண்ணிக்கை குறைந்து, மீதிப் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் கவனம் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் அவர்கள் அதனால் குறிப்பிடும்படி முன்னேறவில்லை. வகுப்பின் அளவைக் காட்டிலும், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடம் தொடங்குகிறதா என்பதே பெரிதாக இருந்தது.

இந்தக் கண்டுபிடிப்பைத்தான் பிரதம் தன் முறையாக வளர்த்தெடுத்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து, எழுத்து தெரிகிறதா, சொல் வருகிறதா, பத்தி படிக்கிறதா, கதை படிக்கிறதா என்று சில நிமிடங்களில் பார்ப்பார்கள். பிறகு வகுப்பை மறந்துவிட்டு நிலைவாரியாகப் பிரிப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பையனும் மூன்றாம் வகுப்புப் பெண்ணும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து சொல் படிப்பார்கள். நாடு முழுதும் கிராமப்புறங்களில் இதே சோதனையை வீடுவீடாக நடத்துவதுதான் 2005இல் தொடங்கிய ‘அசர்’ அறிக்கை.

இனித்தான் கதையின் சிக்கலான பகுதி. முறை தெளிவு, செலவு குறைவு, ஆதாரம் கையில். அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து எல்லாப் பள்ளிகளிலும் செய்ய வேண்டியதுதானே? 2008 கோடையில் பீகார் அரசு தன் ஆசிரியர்களைக் கொண்டே ஒரு மாத முகாம் நடத்தியது. பிரதம் பயிற்சியும் பாடப்பொருளும் தந்தது. பிள்ளைகள் முன்னேறினார்கள், இரண்டு ஆண்டு கழித்தும் அதன் தடம் தெரிந்தது. அரசு ஆசிரியருக்குத் திறமை இல்லை, மனம் இல்லை என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுபவர்களுக்கு இந்த ஒரு மாதமே பதில். ஆனால் பள்ளி திறந்தபின், அதே பீகாரிலும் உத்தராகண்டிலும் அதே பயிற்சியையும் பாடப்பொருளையும் ஆண்டு முழுதும் கொடுத்துப் பார்த்தார்கள். பயன் பூச்சியம். உத்தராகண்டில் தன்னார்வலர்களையும் பள்ளிக்குள் அனுப்பினார்கள். ஆசிரியர் பற்றாக்குறையில் தவித்த பள்ளி அவர்களை வழக்கமான வகுப்பை நடத்த உட்காரவைத்துக்கொண்டது. அங்கும் பயன் இல்லை.

ஜூனில் முடிந்தது ஆகஸ்டில் ஏன் முடியவில்லை? கோடை முகாமில் பாடநூல் இல்லை. சிலபஸ் இல்லை. போர்ஷன் எங்கே நிற்கிறது என்று கேட்கும் ஆய்வாளர் இல்லை. பள்ளி திறந்ததும் மூன்றும் திரும்பி வந்துவிடுகின்றன. வகுப்பில் பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது என்று ஆசிரியருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர் ஏழாம் பாடத்தை நடத்துகிறார், ஏனென்றால் அவரிடம் கேட்கப்படும் கணக்கு ஏழாம் பாடம்தான். பயிற்சி வகுப்பில் கற்ற முறை அவர் பையிலேயே இருந்துவிடுகிறது. நம் ஊர்க் குறுவள மையக் கூட்டத்துக்குப் போய்வந்த எந்த ஆசிரியரும் இதை ஆய்வுக் கட்டுரை இல்லாமலே சொல்லிவிடுவார்.

ஹரியானாவில் 2012-13இல் பிடி கிடைத்தது. நாளுக்கு ஒரு மணி நேரம் கால அட்டவணையில் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த மணியில் பிள்ளைகள் வகுப்பு கலைந்து நிலைவாரியாக உட்கார வேண்டும். மேற்பார்வையிடும் வட்டார அலுவலர்கள் முதலில் தாங்களே பள்ளிக்குப் போய்ச் சில வாரம் பாடம் நடத்திப் பார்த்தார்கள். பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இந்தி வாசிப்பு உயர்ந்தது. கணக்கில் மாற்றம் இல்லை, திட்டமே வாசிப்புக்கானது. உத்தரப் பிரதேசத்தில் ஆசிரியர் கட்டமைப்பு இதற்கு இடம் தராத நிலையில் வேறு வழி தேடினார்கள். 2013-14இல் உன்னாவ், சீதாப்பூர் மாவட்டங்களில் பிரதம் பணியாளர்கள் பள்ளி வளாகத்துக்குள்ளேயே சுமார் ஐம்பது நாள் முகாம்களைப் பகுதி பகுதியாக நடத்தினார்கள். முடிவில், முகாம் நடந்த பள்ளிகளில் ஏறத்தாழ பாதிப் பிள்ளைகள் பத்தியோ கதையோ படித்தார்கள். நடக்காத பள்ளிகளில் கால் பங்கினர்தான். கல்வி ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அடிக்கடி தென்படுவதில்லை.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, அப்படியானால் தொண்டு நிறுவனங்களிடமே பள்ளியை ஒப்படைத்துவிடலாமே என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். மாதம் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்க்கு ஓர் இளம்பெண் செய்வதை முழுச் சம்பள ஆசிரியர் செய்யவில்லையே என்ற வாதமும் கூடவே வருகிறது. இந்த வாதத்தில் நியாயம் குறைவு, ஆபத்து அதிகம். பால்சகிகள் ஒரு வகுப்பை நடத்தவில்லை. பதினைந்து பேரை, ஒரே நிலையில் உள்ளவர்களை, பதிவேடுகள் ஏதும் இல்லாமல் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டார்கள். ஆசிரியருக்கும் அதே வசதியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைப் பீகார் கோடை காட்டிவிட்டது. குறைந்த கூலியில் உழைக்கும் பெண்களின் நல்லெண்ணத்தைக் காட்டி நிரந்தரப் பணியிடங்களைக் காலியாக வைத்திருப்பது எந்த அரசுக்கும் இனிக்கும். அந்த இனிப்புக்குத் தொண்டு நிறுவனம் துணைபோகக் கூடாது.

ஆசிரியரை நடுவில் வைத்துச் செய்த முயற்சிக்கு இந்தியாவில் முன்னோடி ஒன்று உண்டு, அதைத் தமிழில் போதுமான அளவு பேசவில்லை. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடத்தை மாற்றி நடத்த மாநில அரசு அனுமதி கொடுத்தது. செய்தவர்கள் அனில் சத்கோபாலின் கிஷோர் பாரதியும், ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும். டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்திலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் ரயிலேறி வந்து, கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து சோதனை செய்து பார்த்தார்கள். பாடநூலில் வரையறைகளை மனப்பாடம் செய்ய இடம் வைக்கவில்லை. செய், பார், எழுது என்று கேள்விகளாகவே நூல் ஓடியது. தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாதமும் ஆசிரியர்கள் கூடி, எந்தச் சோதனை சொதப்பியது, எந்தக் கேள்விக்குத் தங்களுக்கே விடை தெரியவில்லை என்று பேசினார்கள். பிள்ளைகள் ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டார்கள், பதிலும் வந்தது. 1978இல் மாவட்டம் முழுதுக்கும் விரிந்தது. 1982இல் இதை எடுத்து நடத்தவே ஏகலைவ்யா என்ற நிறுவனம் பிறந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஆசிரியருக்கு யாரும் கையேடு கொடுத்து இதை நடத்து என்று சொல்லவில்லை. பாடநூலைத் திருத்துவதில் அவர்களுடைய சொல் எடுபட்டது. பயிற்சி கொடுக்கும் இடத்துக்கே பலர் உயர்ந்தார்கள். முப்பது ஆண்டு நடந்த இந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு ஓர் ஆணையில் நிறுத்திவிட்டது. நாடெங்கும் விஞ்ஞானிகள் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. வெளியிலிருந்து வரும் எந்த நல்ல முயற்சியும் அரசின் சொந்தக் கட்டமைப்புக்குள் வேர்விடாவிட்டால் அதன் ஆயுள் ஒரு கையெழுத்தின் தயவில்தான் இருக்கிறது. ஏகலைவ்யா இன்றும் இயங்குகிறது. அதன் சிறுவர் இதழ் சக்மக் வருகிறது. அந்த மாவட்டத்தின் வகுப்பறைகளில் அந்த அறிவியல் பாடம் இல்லை.

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் எதிர்த்திசையில் போன கதை. ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புற மையத்தில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறை அது. 2003இல் எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 பள்ளிகளில் தொடங்கியது. அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக வந்தபின், 2007-08இல் மாநிலத்தின் ஏறத்தாழ 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கும் போயிற்று. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, கற்றல் ஏணியின் படிகளில் தங்கள் இடத்தைப் பார்த்து, அட்டையை எடுத்துத் தாங்களே படித்தார்கள். சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது. ஒரு தனியார் அறக்கட்டளையின் சிந்தனை நான்கைந்து ஆண்டில் ஒரு மாநிலத்தின் முறையானது, வேறெங்கும் எளிதில் காண முடியாத வேகம். அந்த வேகமே பலவீனமும் ஆயிற்று என்பது என் கருத்து. முறையின் உயிரைப் புரிந்துகொண்ட பள்ளிகளில் வகுப்பறை மாறியது. மற்ற இடங்களில் அட்டைகளை அடுக்கிவைப்பதும் அட்டவணையை நிரப்புவதுமாக முடிந்தது.

பெருந்தொற்றுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்விக்கு இத்தனை முன்வரலாறும் உண்டு. அறிவொளி இயக்க நாள்களிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பழக்கமான கலைக்குழுப் பிரசாரத்தோடு, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கியது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பாடம் சொன்னார்கள். மாதம் ஆயிரம் ரூபாய். தேசியக் கல்விக் கொள்கை பின்வாசல் வழியே வருகிறது என்று கல்வியாளர்கள் சிலர் எச்சரித்தார்கள். தன்னார்வலர்களைக் காட்டி ஆசிரியர் பணியிடங்களை விழுங்கிவிடுவார்கள் என்ற அச்சமும் இருந்தது. அச்சம் வீணானதல்ல. ஆனால் அளந்து பார்த்தவர்களின் கணக்கையும் மறைக்கக் கூடாது. அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி மூடலால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மீதி முக்கால் பங்குக்கு உரியவர்களில் முதலில் நிற்பவர்கள், பேச்சில் அடிக்கடி மறந்துபோகிற, பள்ளிக்கூட ஆசிரியர்கள்தான்.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கச் சொன்னார்கள். வதோதராவில் பால்சகி செய்ததன் சாயல் அரசின் சொந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம். அதே மூச்சில் எமிஸ் என்ற பள்ளித் தகவல் செயலியில் பதிவேற்றும் வேலையும் வளர்ந்தது. சோதனை பிள்ளையை அறிவதற்கா, மேலே அனுப்பும் எண்ணுக்கா என்ற குழப்பம் ஆசிரியர் அறைகளில் இன்னும் தீரவில்லை.

இந்த ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், கொடையாளர்கள் விரும்பிக் கொடுப்பதும் பள்ளிக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் பொருந்தவில்லை. ஸ்மார்ட் போர்டைத் திறந்துவைக்கலாம், அதில் பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம். வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் மாதம் நான்கு முறை ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஆசிரியரோடு பேசுவதற்கு ஆகும் பேருந்துக் கட்டணத்தில் பெயர் எழுத முடியாது. பயிற்சிக்குப் போகும் ஈராசிரியர் பள்ளி ஆசிரியருக்குப் பதிலாக அன்று வகுப்பைப் பார்க்க ஓர் ஆள், பதிவேற்ற வேலைக்கு ஓர் உதவியாளர், நிலைவாரிப் பாடத்துக்குத் தினம் ஒரு மணியைத் தலைமையாசிரியர் விட்டுக்கொடுக்க மாவட்டக் கல்வி அலுவலரிடமிருந்து ஒரு கடிதம்: இவைதான் மேலே சொன்ன ஆய்வுகள் காட்டும் தேவைகள். கட்டடமும் கழிப்பறையும் குடிநீரும் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அவை 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி அரசு செய்யக் கடமைப்பட்டவை. அதைக் கேட்டு வாங்கப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது.

2024 அசர் அறிக்கைப்படி இந்தியக் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பில் படிப்பவர்களுள் 23.4 விழுக்காட்டினரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிகிறது. 2022இல் இது 16.3 ஆக இருந்தது. ஏறியிருக்கிறது, ஆனால் நான்கில் மூன்று பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

நிறுவனங்களில் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாள்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு திட்டத்தைத் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மேலும் மூன்று ஆண்டு வரை தொடர்ந்து நடத்த விதிகளே இடம் தருகின்றன. மார்ச் மாதத்துக்குள் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் பொருள் வாங்கி இறக்குவதை நிறுத்துங்கள். ஒரே ஒன்றியத்தை எடுத்துக்கொண்டு, அந்த நான்கு ஆண்டையும் அதன் ஆசிரியர்களோடு செலவிடுங்கள். முதல் ஆண்டும் நான்காம் ஆண்டும் பிள்ளைகளின் வாசிப்பை வெளியார் ஒருவரைக் கொண்டு சோதித்து, கிடைத்த எண் எதுவானாலும் அதை வெளியிடுங்கள்.